பில்லும் கெடுவும் தள்ளுபடியும்: வாசகர் கேள்வி – பதில்

பெங்களூருவில் சிறுதொழிலும் கடையும் நடத்தும் தமிழ் வாசகர்கள் பலர், பில்லில் அச்சிடப்படும் பணக் கெடுவைப் பற்றியும் கெடுவுக்கு முன்பே கட்டினால் கிடைக்கும் ரொக்கத் தள்ளுபடியைப் பற்றியும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். வாசகர்களின் பெயரையும் அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பீன்யா இரண்டாம் கட்டத்தில் லேத், மில்லிங் இயந்திரங்கள் வைத்து உதிரிபாகங்கள் செய்து கொடுக்கிறேன். புதிதாகக் கிடைத்த வாடிக்கையாளர் தம் பர்ச்சேஸ் ஆர்டரில் '2/10, நெட் 30' என்று குறிப்பிட்டிருக்கிறார். இதற்கு என்ன பொருள் ஐயா? ஒப்புக்கொண்டால் எனக்கு லாபமா, நஷ்டமா?

பத்து நாளுக்குள் பணம் கட்டினால் 2 விழுக்காடு கழித்துக்கொள்வேன், இல்லையென்றால் முப்பதாம் நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டுவேன் என்பதே அதன் பொருள். வரியைத் தனியே வைத்துவிட்டு, 2,00,000 ரூபாய் பில் என்று எடுத்துக்கொண்டால், பத்தாம் நாள் உங்களுக்கு 1,96,000 ரூபாய் வரும். முப்பதாம் நாள் வரை பொறுத்தால் 2,00,000 ரூபாய் வரும். அதாவது, 1,96,000 ரூபாயை 20 நாள் முன்னதாகப் பெறுவதற்கு நீங்கள் 4,000 ரூபாய் விலை கொடுக்கிறீர்கள். இதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 37 விழுக்காடு வட்டியாகிறது. எந்த வங்கியின் ஓ.டி. (வங்கி அனுமதித்த வரம்பு வரை எடுக்கும் ஓவர்டிராஃப்ட் கடன்) வட்டியும் இவ்வளவு இல்லை என்பதால், கணக்கை இந்த அளவில் நிறுத்திவிட்டால் 'வேண்டாம்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் கணக்கு அங்கே நிற்கக் கூடாது. முப்பது நாள் கெடு கேட்பவர் முப்பதாம் நாளில் உண்மையிலேயே கட்டுவாரா என்பதுதான் உங்கள் முன் இருக்கும் கேள்வி. அதே வாடிக்கையாளர் வழக்கமாக அறுபதாம் நாளில்தான் கட்டுவார் என்றால், நீங்கள் 50 நாள் முன்னதாகப் பணம் பெறுகிறீர்கள். அப்போது அதே 4,000 ரூபாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு வட்டிக்குச் சமமாகிறது. ஓ.டி. லிமிட் முழுவதையும் பயன்படுத்திவிட்டு, மூலப்பொருள் வாங்க வெளியே கடன் வாங்கிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு இது கட்டுப்படியாகக்கூடிய விலைதான். மறுபுறம், ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு நாளில் ஒழுங்காகப் பணம் அனுப்பும் வாடிக்கையாளருக்கும் சேர்த்து இந்தத் தள்ளுபடியை அறிவித்தால், ஒன்றும் பெறாமலேயே 2 விழுக்காட்டை இழக்கிறீர்கள். உங்கள் நிகர லாபம் 8 விழுக்காடாக இருந்தால், அந்த 2 என்பது லாபத்தில் கால் பங்கு. ஆகவே, எல்லோருக்கும் ஒரே நிபந்தனையை அச்சடிப்பதைவிட, கடந்த ஓராண்டில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் சராசரியாக எத்தனை நாளில் கட்டினார் என்று டாலி கணக்கு மென்பொருளில் எடுத்துப் பார்த்து, தாமதிப்பவருக்கு மட்டும் தனியே தள்ளுபடி பேசுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, அந்தப் பத்து நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பது. பில் தேதியா, சரக்கு அவர்கள் கேட்டைத் தாண்டிய தேதியா, தர ஆய்வு முடிந்து ஜி.ஆர்.என். (சரக்கு பெற்றதற்கான பதிவுச் சீட்டு) போட்ட தேதியா? உங்கள் டெலிவரி சலானின் நகலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தொழிற்சாலைகளில் காவலர் அடிக்கும் முத்திரையில் 'ஆய்வுக்கு உட்பட்டுப் பெறப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரியும், கீழே பேனாவால் எழுதிய தேதியும் இருக்கும். ஆய்வு முடிய இரண்டு வாரம் ஆகி, அதற்குப் பிறகு பத்து நாள் எண்ணினால், நீங்கள் பத்து நாள் என்று நினைத்துக் கொடுத்த தள்ளுபடியை அவர்கள் இருபத்து நான்காம் நாளில் எடுத்துக்கொள்வார்கள். காசோலை கொடுத்த நாளா, பணம் உங்கள் கணக்கில் வரவான நாளா என்பதிலும் இதே சிக்கல் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரை ஏற்கும் மின்னஞ்சலிலும் பில்லின் அடியிலும் இப்படி எழுதிவிடலாம்: 'பில் தேதியிலிருந்து 10 நாளுக்குள் தொகை எங்கள் வங்கிக் கணக்கில் வரவானால், வரிக்கு முந்தைய மதிப்பில் 2 விழுக்காடு கழித்துக்கொள்ளலாம், அதன் பின் தள்ளுபடி இல்லை, முழுத் தொகையும் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும்.' ஆர்டரை ஏற்பதற்கு முன்பே அனுப்பினால்தான் இந்த வரிக்கு மதிப்பு. தகராறு வந்த பிறகு அனுப்பினால் அது வெறும் கடிதம்.

சிக்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஈரோட்டிலிருந்து சரக்கு எடுக்கிறேன். ஏழு நாளில் கட்டினால் 3 விழுக்காடு சி.டி. (ரொக்கத் தள்ளுபடி) தருகிறார்கள், இல்லையென்றால் 45 நாள் கெடு. கையில் பணம் இல்லை, ஆனால் ஓ.டி. இருக்கிறது. ஓ.டி.யில் எடுத்துக் கட்டலாமா?

பெரும்பாலும் கட்டலாம் என்பதே என் பதில். ஒரு லட்ச ரூபாய்த் துணிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து பில் 1,05,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய் தள்ளுபடி போக 1,02,000 ரூபாயை ஏழாம் நாளில் ஓ.டி.யிலிருந்து கட்டுகிறீர்கள். ஓ.டி. வட்டி 11 விழுக்காடு என்றால், மீதமுள்ள 38 நாளுக்கு வட்டி ஏறத்தாழ 1,170 ரூபாய். மிச்சம் 1,830 ரூபாய் உங்களுடையது. ஒரு பில்லில் இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் தீபாவளிக்கும் கல்யாண சீசனுக்கும் எடுக்கும் சரக்கு முழுவதற்கும் இதைக் கணக்கிட்டால், கடை வாடகையில் ஒரு நல்ல பகுதி வந்துவிடும்.

இரண்டு இடங்களில் மட்டும் தயங்குங்கள். ஓ.டி.யில் மிச்சமிருக்கும் லிமிட்டைத் தள்ளுபடிக்காகக் காலி செய்துவிட்டு, மாதக் கடைசியில் சம்பளத்துக்குத் திண்டாடும் நிலை வருமானால், 3 விழுக்காட்டை விட்டுவிடுவதே மேல். அடுத்து, பேல் பிரித்துப் பார்க்காமல் பணத்தை அனுப்பாதீர்கள். சாயம் போன சரக்கையோ அளவு குறைந்த சரக்கையோ திருப்பும்போது, பணம் இன்னும் உங்கள் கையில் இருந்தால் பேச்சு ஒரு விதமாகவும், போய்விட்டால் வேறு விதமாகவும் இருப்பது எல்லா வியாபாரிகளுக்கும் தெரிந்ததுதான். 'திருப்பிய சரக்கின் மதிப்பு போக மீதிக்குத் தள்ளுபடி உண்டு' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 45 நாள் கெடு எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா என்பதையும் பாருங்கள். உங்களுக்குச் சரக்கு அனுப்புபவர் தறி வைத்து நெய்து விற்கும் குறு அல்லது சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு பெற்றவராக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாள்தான் கெடு. எழுத்து இருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற எண்ணில் சேர்க்கப்பட்ட விதி, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கட்டிய ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்கிறது. பிப்ரவரியில் எடுத்த சரக்குக்கு மார்ச் 31-க்குள் கட்டாமல் கெடுவையும் தாண்டிவிட்டால், அந்த ஆண்டின் லாபம் அவ்வளவு கூடியதாகக் காட்டப்பட்டு அதற்கு வரி கட்ட நேரும். நெய்பவராக இல்லாமல் வாங்கி விற்கும் மொத்த வியாபாரியாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது. ஆகவே அவருடைய உத்யம் சான்றிதழின் நகலை வாங்கி, உற்பத்தி என்றிருக்கிறதா வணிகம் என்றிருக்கிறதா என்று பார்த்துக் கோப்பில் வையுங்கள்.

ராஜாஜிநகரில் கன்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கிறேன். பேனலின் விலை 2,00,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 36,000 ரூபாய், மொத்தம் 2,36,000 ரூபாய். வாடிக்கையாளர் எட்டாம் நாளில் 2 விழுக்காடு என்று 4,720 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 2,31,280 ரூபாய் அனுப்பினார்கள். நான் 4,000 ரூபாய்தான் தள்ளுபடி என்று நினைத்திருந்தேன். யார் சொல்வது சரி அம்மா/ஐயா?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அது நீங்கள் கொடுக்கும் கிரெடிட் நோட்டை (போட்ட பில்லின் தொகையைப் பிறகு குறைத்துத் தரும் சீட்டை)ப் பொறுத்தது. நீங்கள் சண்டையிடும் அந்த 720 ரூபாய் வரியின் பங்கு என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பில் போடும் நாளில் வாடிக்கையாளர் பத்து நாளுக்குள் கட்டுவாரா என்பது யாருக்கும் தெரியாது. எனவே பில்லில் முழு 2,00,000 ரூபாய்க்கும் வரி போடப்படுகிறது, அதில் பிழையில்லை. விலைப்பட்டியலிலிருந்து பில்லிலேயே கழித்துக் காட்டும் வியாபாரத் தள்ளுபடி வேறு; அது கழிந்த தொகைக்குத்தான் வரி, கணக்குப் புத்தகத்திலும் அது தனியே ஏறாது. ரொக்கத் தள்ளுபடியோ பிறகு நிகழ்வது. அதைக் கணக்கில் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி வரியுடன் கூடிய கிரெடிட் நோட்டு. இதில் 4,000 ரூபாய் மதிப்பும் 720 ரூபாய் வரியும் குறைகின்றன. உங்கள் வரிப் பொறுப்பு 720 ரூபாய் குறையும். வாடிக்கையாளர் தாம் எடுத்த 36,000 ரூபாய் உள்ளீட்டு வரிச் சலுகையில் (வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) 720 ரூபாயைத் திருப்ப வேண்டும். அப்போது அவர் 4,720 ரூபாய் பிடித்தது சரி. உங்களுக்கு நிகர இழப்பு 4,000, அவருக்கு நிகர லாபம் 4,000.

இரண்டாம் வழி, வரியைத் தொடாமல் விலையை மட்டும் குறைக்கும் கிரெடிட் நோட்டு. நடைமுறையில் இதை ஃபைனான்ஷியல் கிரெடிட் நோட்டு என்பார்கள். வரி முழுவதும் 36,000 ரூபாயாகவே இருக்கும். வாடிக்கையாளரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. அப்போது தள்ளுபடி 4,000 ரூபாய் மட்டும், அவர் அனுப்பியிருக்க வேண்டியது 2,32,000 ரூபாய். இங்கும் இருவரின் நிகர நிலை முன்போலவே 4,000 ரூபாய்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வாடிக்கையாளர் முதல் வழியின் தொகையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வழியின் கிரெடிட் நோட்டைக் கேட்கும்போது. 4,720 ரூபாயையும் பிடித்து, முழு 36,000 ரூபாய்ச் சலுகையையும் வைத்துக்கொண்டால், 720 ரூபாய் உங்கள் கையிலிருந்து அவர் கைக்குப் போகிறது. மாதம் இருபது பேனல் கொடுப்பவருக்கு இது கவனிக்காமல் விடக்கூடிய தொகை அல்ல. எனவே அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரே வரியில் எழுதுங்கள்: '4,720 ரூபாய் என்றால் வரியுடன் கிரெடிட் நோட்டு தருகிறேன், 720 ரூபாய் உள்ளீட்டு வரியைத் திருப்பியதற்கு உறுதி தாருங்கள், இல்லையென்றால் 720 ரூபாயை அனுப்புங்கள்.' பெரும்பாலானவர்கள் இந்த மடலுக்குப் பின் 720 ரூபாயை அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் சலுகையைத் திருப்புவது அவர்களுக்குக் கூடுதல் வேலை. சிறு நிறுவனங்களுக்கு இரண்டாம் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

முதல் வழிக்குப் போவதானால், பில் போட்ட நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் அந்த கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டிவிட வேண்டும். சரக்கு போன பின் தரும் தள்ளுபடிக்கு வரி குறைய வேண்டுமானால் அது முன்பே ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதே 2017-இல் வந்த சட்டத்தின் நிபந்தனை. அதை நீக்கும்படி 2025 செப்டம்பரில் கூடிய 56-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்தது. ஆனாலும் தள்ளுபடியை ஆர்டரிலேயே எழுதிவைக்கும் பழக்கத்தை விடாதீர்கள். அதிகாரி கேட்டாலும் வாடிக்கையாளர் மறுத்தாலும் காட்ட உங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

கேஷ் டிஸ்கவுண்ட் வேண்டுமானால் பணத்தை ரூபாய் நோட்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் எனக்கு ஹார்டுவேர் சப்ளை செய்பவர். அப்படியா? (கே.ஆர். புரம் வாசகர்)

இல்லை. முன்னதாகக் கட்டுவதற்குத்தான் தள்ளுபடி; ஆர்.டி.ஜி.எஸ்., யு.பி.ஐ., காசோலை எதுவானாலும் பொருந்தும். ரூபாய் நோட்டாகக் கொடுத்தால் இழப்பு உங்களுக்கே: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த வணிகச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. அவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

பொம்மசந்திராவில் ஷீட் மெட்டல் பட்டறை வைத்திருக்கிறேன். உத்யம் பதிவில் குறு நிறுவனம். ஒரு பெரிய நிறுவனம் '2/10, நெட் 45' என்று ஆர்டர் கொடுத்துவிட்டு, எழுபத்தைந்தாம் நாளில் பணம் அனுப்புகிறது. அப்போதும் 2 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது. கேட்டால் 'சிஸ்டம் அப்படித்தான் பிடிக்கும்' என்கிறார்கள். ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது; ஒரே வாடிக்கையாளரை நம்பி இயந்திரம் வாங்கியவர்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது. ஆனால் உரிய காலத்தில் கட்டாமல் தள்ளுபடியை மட்டும் பிடிப்பது தள்ளுபடி ஆகாது. அது குறைத்துக் கட்டிய பாக்கி. அதை அப்படியே உங்கள் கணக்கில் வையுங்கள். முதலில் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன்: அந்த 2 விழுக்காட்டுக்கு கிரெடிட் நோட்டு கொடுத்துக் கணக்கை நேராக்கிவிடாதீர்கள். கணக்கர் வசதிக்காக அதைச் செய்துவிடுவது வழக்கம்; ஆனால் கிரெடிட் நோட்டு கொடுத்த கணமே நீங்கள் அந்தக் கழிவை ஒப்புக்கொண்டவராகிறீர்கள். பாக்கி அவர்கள் பெயரிலேயே நிற்கட்டும். மாதந்தோறும் பில் வாரியாகப் பாக்கிப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி, ஆண்டுக்கு ஒரு முறையாவது இருப்பு உறுதிக் கடிதத்தில் கையொப்பம் வாங்குங்கள். பணக் கடனுக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு மூன்று ஆண்டு. அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.

அடுத்தது வட்டி. சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லையென்றால், சரக்கு சேர்ந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 45 நாள் தாண்டிய ஒவ்வொரு பில்லுக்கும், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி உங்களுக்கு உரியது. வங்கி விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 விழுக்காடு. நாளைக்கு அவர்கள் 75 நாள் என்று எழுதிய ஒப்பந்தத்தில் உங்களிடம் கையொப்பம் வாங்கினாலும் 45-ஐத் தாண்டிய பகுதி செல்லாது. அவர்கள் செலுத்தும் இந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் கழிக்கவும் முடியாது. ஒரு கடிதத்தில் வட்டியைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். உடனே கேட்கப் போவதில்லை என்றாலும் கணக்கிட்டுக் காட்டுங்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவர் இதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். நிதிப் பிரிவில் இருப்பவர் பொருட்படுத்துவார். ஏனெனில் 45 நாள் தாண்டிய குறு, சிறு நிறுவனப் பாக்கியைக் கம்பெனிகள் எம்.எஸ்.எம்.இ.-1 என்ற படிவத்தில் அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும், காரணத்தோடு தெரிவித்தாக வேண்டும். நான் மேலே சொன்ன 43பி(எச்) விதியும் அவர்களைத்தான் கடிக்கும். எனவே கடிதத்தின் ஒரு நகலை நிதி அதிகாரிக்கும் அனுப்புங்கள். அதில் உங்கள் உத்யம் எண் தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணை அச்சிட்டுவிடுவது அதைவிட நல்லது.

ஆர்டரை இழக்காமல் பணத்தை விரைவாகப் பெற இன்னொரு வழியும் இருக்கிறது. அதை நம் மக்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடக்கும் டிரெட்ஸ் தளங்களில் – ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை – உங்கள் பில்லை ஏற்றி, வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டால், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதற்கு ஏலம் கேட்கும். குறைந்த வட்டி கேட்டவருக்கு பில்லை விற்று, வட்டி போக மீதியை உடனே பெறலாம். கெடு நாளில் பெரிய நிறுவனம் அந்த வங்கிக்குக் கட்டும். கட்டாவிட்டாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. அந்தப் பெரிய நிறுவனத்தின் தரத்தை வைத்தே வட்டி அமைவதால், நீங்கள் தனியே வாங்கும் கடனைவிட அது மலிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இந்தத் தளங்களில் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது. ஆகவே 'நீங்கள் எந்த டிரெட்ஸ் தளத்தில் இருக்கிறீர்கள்? என் பில்களை அதில் ஏற்றட்டுமா?' என்று கேட்பது வியாபாரம் சார்ந்த கோரிக்கைதான். அதற்காக ஆர்டரை நிறுத்த அவர்களுக்கு முகாந்திரம் இல்லை.

இவை எதற்கும் அசையவில்லையென்றால், குறு, சிறு நிறுவனங்களுக்காகக் கர்நாடக அரசு அமைத்துள்ள ஃபெசிலிடேஷன் கவுன்சிலிடம் இணையவழியாக மனுச் செய்யலாம். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதைவிட அதிக காலம் பிடிப்பது உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்த பின் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால், அவர்கள் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகக் கட்ட வேண்டும். பல பாக்கிகள் மனு எண் கிடைத்து நோட்டீஸ் போன அளவிலேயே பைசலாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மனுவுடன் பர்ச்சேஸ் ஆர்டர், பில், முத்திரையிட்ட டெலிவரி சலான், வங்கிக் கணக்கில் பணம் வந்த தேதி காட்டும் பக்கம், உத்யம் சான்றிதழ் ஆகியவை வேண்டும். சான்றிதழின் தேதி அந்த ஆர்டரின் தேதிக்கு முந்தியதாக இருந்தால் உங்கள் நிலை வலுவாக இருக்கும். இன்னும் பதிவு செய்யாத வாசகர்கள் அடுத்த ஆர்டரை ஏற்பதற்கு முன் செய்துவிடுங்கள். உத்யம் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை.